பேதி நிக்கவே இல்லையே சிஸ்டர்!

குழந்தைகள் வார்டில் நர்சாக இருந்து ஓய்வுபெற்றவர், தாய்மார்களின் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

ஒன்றரை வயசுப் பையன். காலையிலேர்ந்து ஆறு தடவை தண்ணியாப் போயிட்டான். ஓஆர்எஸ் பாக்கெட், அந்த உப்பு-குளுக்கோஸ் பொடியைத் தண்ணியில கலந்து கொடுத்தும் நிக்கலையே?

அது பேதியை நிறுத்துற மருந்தில்லம்மா. போன தண்ணியையும் உப்பையும் திரும்ப உள்ளே சேர்க்கிறது. அதுல குளுக்கோஸ் இருக்கிறதே, அதைக் குடல் உறிஞ்சும்போது உப்பும் தண்ணியும் கூடவே போகத்தான். 1971-ல் வங்காள எல்லையில், பன்காவ் அகதி முகாமில் காலரா. டிரிப் பாட்டில் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைத்தான் டிரம்மில் கலந்து குடிக்கக் கொடுத்தார். ஜனம் பிழைச்சது. உங்க பையனுக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. ரெண்டு வயசு தாண்டினா 100 முதல் 200.

குடிச்ச உடனே வாந்தி எடுத்துடறாளே?

தாகத்துல மடமடன்னு குடிச்சிருப்பா. பத்து நிமிஷம் விடுங்க. அப்புறம் ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். கை வலிக்கும், பொறுமை போகும், ஆனா வயித்துல நிக்கும்.

ஒரு டம்ளர்ல பாதி பாக்கெட் போடலாமா?

கூடவே கூடாது. உப்பு ஏறிடும். ஒரு லிட்டர் பாக்கெட்னா ஆறவெச்ச தண்ணி ஒரு லிட்டர், முழுசாக் கலக்கணும். 24 மணி நேரம் ஆனா மிச்சத்தைக் கொட்டிடுங்க. பழவாசனை டப்பா பானம் இதுக்கு மாத்தில்ல. சர்க்கரை அதிகமானா பேதி கூடத்தான் செய்யும்.

தொக்கம் எடுத்தா சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க.

பெரியவங்க மனசு புரியுது. ஆனா வயித்தை அமுக்குறதும் தொண்டைக்குள்ள ஊதுறதும் வேண்டாம். சண்டை போடாதீங்க, கஞ்சி வைக்கிற வேலையை அவங்ககிட்டயே கொடுத்துடுங்க. உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி நல்லதுதானே!

வயித்தைக் காயப்போடணுமா?

வேண்டாம். தாய்ப்பால் வழக்கத்தைவிட அதிகமா. பெரிய பிள்ளைக்கு இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம்.

தாத்தாவோட பேதி நிறுத்துற மாத்திரையில கால்வாசி...?

வேண்டாம். அதுல இருக்கிற லோப்பராமைடுங்கிற மருந்து குழந்தைக்கு ஆகாது. குடல் ஓட்டத்தை அடைச்சிடும்.

எப்போ ஆஸ்பத்திரி?

கண்ணு உள்ளே போயிருந்தா, ஆறு மணி நேரமா மூத்திரம் போகலைன்னா, மலத்துல ரத்தம் வந்தா, துவண்டு கிடந்து குடிக்கவே மாட்டேன்னா உடனே. வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மடிப்பு மெதுவா விரிஞ்சாலும் போயிடுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள குழந்தைன்னா இதெல்லாம் வருதான்னு பார்த்துட்டு இருக்கவே வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

பேதி நின்னுடுச்சு. ஓஆர்எஸ்ஸோட கொடுத்த ஜிங்க், அதான் துத்தநாகச் சத்து மாத்திரையை நிறுத்திடலாமா?

அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. ஆறு மாசம் தாண்டின குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம், 14 நாளும் கொடுக்கணும். ஸ்பூன் தண்ணியில கரைச்சுக் கொடுங்க. துப்புவான், உங்க சேலைக்கு நான் பொறுப்பில்ல.