டிஸ்க் பிரேக்குக்கு மாற்றியபின் முன்சக்கரம் பிடிக்கிறதா? மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் 1965 ஃபோர்டு மஸ்டாங் காரில் முன்பக்க டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டபின், கொஞ்ச தூரம் ஓடினாலே முன்சக்கரங்கள் சூடாகிப் பிடிக்கின்றன, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைக் குழாயில் தள்ளும் பாகம்) மட்டும் பழையதே என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தச் சிலிண்டர்மேல்தான் சந்தேகம்.

நான்கும் டிரம்மாக இருந்த வண்டிகளில், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை நிறுத்திவைக்க மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு உண்டு. டிரம்மில் உரசும் ஷூவைத் திரும்ப இழுக்க பலமான ஸ்பிரிங் இருப்பதால் தொல்லையில்லை. டிஸ்க்கின்மேல் பேடை அழுத்தும் காலிப்பரில் அந்த ஸ்பிரிங் கிடையாது. பேட் உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் பிடித்திருக்கும்போது, வண்டிக்குக் கட்டை வைத்துவிட்டு, சிலிண்டரில் குழாய் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் காரணம் ஒன்று அந்த வால்வு, அல்லது புஷ்ராடில் (பெடலிலிருந்து சிலிண்டரைத் தள்ளும் கம்பி) ஃப்ரீ பிளே, அதாவது சிறு இடைவெளி, இல்லாதது. விடுபடாவிட்டால் ரப்பர் ஹோஸைப் பாருங்கள்.

எதுவானாலும் அந்த ஒற்றை அறைச் சிலிண்டரை மாற்றிவிடுங்கள். ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு பிரேக்கும் போய்விடும்! 1967 மாடலிலேயே இரட்டை அறை வந்துவிட்டது. டிஸ்க்-டிரம்முக்கான இரட்டைச் சிலிண்டர் வாங்குங்கள். பின்பக்கக் குழாயில் திருகிச் சரிசெய்யும் புரொபோர்ஷனிங் வால்வும் (பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைப்பது) வேண்டும். இல்லாவிட்டால் ஈரச்சாலையில் பின்சக்கரம் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும். அதுவரை தயவுசெய்து நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள்.