வீட்டுப் பைப்பால வாற நாத்தம்: கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில பைப் வேலைக்கு இறங்கி 20 வருஷத்துக்கு மேல ஆகுது. தண்ணி ஒழுகினா சனம் அண்டைக்கே கோல் எடுக்கும், மணம் எண்டா மட்டும் பினாயிலை ஊத்தி ஊதுபத்தியைக் கொளுத்தி மாசக் கணக்கில சமாளிக்கும். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமா இருக்கும், ஏனெண்டா கன வீடுகள்ல அது ஒரு வாளித் தண்ணியோட முடியிற விசயம். கேளுங்கோ, எந்த இடம், தொடர்மாடியா தனி வீடா எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

கேள்வி (வெள்ளவத்தை, 4ம் மாடி): தம்பி, மகளிட்ட கனடா போய் ரெண்டரை மாசத்தால வந்து கதவைத் திறந்தா வீடு முழுக்கக் கக்கூஸ் மணம். போகேக்க வடிவாக் கழுவித் துடைச்சிட்டுத்தான் போனனான். பாத்ரூம் ஃபேனைப் போட்டா இன்னும் கூடுது. பைப் வெடிச்சிட்டுதோ?

பதில்: இல்லை அக்கா, பைப் வெடிக்கேல்லை, தண்ணி காய்ஞ்சிட்டுது. சிங்க், பேசின், பாத்ரூம் நிலத்து ஓட்டை, கொமட், எல்லாத்துக்கும் கீழ பைப் ஒருக்கா வளைஞ்சுதான் போகும், அந்த வளைவில எப்பவும் ரெண்டு மூண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணி நிக்க வேணும், அந்தத் தண்ணிதான் கதவு. இந்தப் பக்கம் உங்கட வீடு, அந்தப் பக்கம் முழுத் தொடர்மாடியின்ட கழிவுப் பைப். 1775ல அலெக்சாண்டர் கம்மிங் எண்ட மணிக்கூடு செய்யிறவர் லண்டன்ல பதிஞ்ச யோசனை இது, இண்டைக்கு வரைக்கும் இதைவிட நல்லதா ஒண்டும் வரேல்லை. ஆக்கள் இல்லாத வீட்டில அந்தத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போயிடும், முதல்ல காயிறது நிலத்து ஓட்டைதான்.

இப்ப செய்ய வேண்டியது: ஃபேனை நிப்பாட்டுங்கோ, ஜன்னலைத் திறவுங்கோ, எல்லா ஓட்டைக்குள்ளயும் ஒவ்வொரு வாளித் தண்ணி ஊத்துங்கோ, கொமட்டை ஒருக்கா ஃப்ளஷ் பண்ணுங்கோ. பல்கனியில இருக்கிற ஓட்டையை மறக்க வேண்டாம், அதைத்தான் எல்லாரும் மறக்கிறது.

ஃபேனை நிப்பாட்டச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. காய்ஞ்ச ஓட்டைக்கு மேல எக்ஸோஸ்ட் ஃபேன் ஓடினா அது கழிவுப் பைப்புக்குள்ள இருக்கிற காத்தை உங்கட பாத்ரூமுக்குள்ள இழுக்கும். 2003ல ஹொங்கொங்கில அமோய் கார்டன்ஸ் எண்ட தொடர்மாடியில சார்ஸ் எண்ட மூச்சுத் தொற்று நோய் 300 பேருக்கு மேல பிடிச்சதுக்கு ஆராய்ஞ்சவை காட்டின முக்கியமான வழி இதுதான், காய்ஞ்சு போன பாத்ரூம் ஓட்டையளும் அந்த ஃபேன்களும். அதால இதை வெறும் மணப் பிரச்சினை எண்டு மட்டும் பாக்கக் கூடாது.

அடுத்த முறை போகேக்க வளைவில தண்ணி நிரப்பிப்போட்டு மேல ரெண்டு மேசைக்கரண்டி பேபி ஒயில் விட்டிட்டுப் போங்கோ, எண்ணெய் மிதந்து தண்ணி ஆவியாகிறதை மெதுவாக்கும். சமையல் எண்ணெய் வேண்டாம், அது பழுதாகி வேற மணம் தரும். திறப்புக் குடுத்திட்டுப் போற ஆள் இருந்தா கிழமைக்கு ஒருக்கா ஃப்ளஷ் பண்ணச் சொல்லுங்கோ, பாவிக்காத கொமட்டில டெங்கு நுளம்பு பெருகிறதையும் அது தடுக்கும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அண்ணே, கிச்சன் சிங்க்ல காலையில திறந்தா ஒரு புளிச்ச நாத்தம் வருது. அப்பச்சோடா போட்டு வினாகிரி ஊத்தினா போயிடும்னு வீடியோல சொன்னாங்க, ஒரு வாரம் செஞ்சேன், ரெண்டு நாள்ல திரும்ப வருது.

பதில்: தங்கச்சி, அது நுரைக்கிறதைப் பாக்க வேலை செய்யிற மாதிரித்தான் இருக்கும். ஆனா ரெண்டும் சேந்தா ஒண்டையொண்டு முறிச்சிடும், நுரையா வாறது கரியமில வாயு, மிஞ்சுறது கிட்டத்தட்ட உப்புத்தண்ணி. கொழுப்பை அது அசைக்காது. உங்கட சிங்க்குக்குக் கீழ வளைவு இருக்கு, அதில தண்ணியும் நிக்குது, மணம் வாறது வளைவுக்கு இந்தப் பக்கம் பைப் சுவரில ஒட்டிக் கிடக்கிற வழுவழுப்பால. தேங்காய்ப்பால் கரைசல், மீன் கழுவின தண்ணி, தேயிலைச் சக்கை, சவர்க்காரம், எல்லாம் படை படையாப் பிடிச்சு அதில கிருமி வாழுது.

அதைக் கையாலதான் எடுக்க வேணும். கீழ வாளியை வையுங்கோ, வளைவில இருக்கிற நட்டு ரெண்டையும் கையால கழட்டுங்கோ (பிளாஸ்டிக் நட்டு, ஸ்பானர் போட்டு முறிச்சிடாதீங்கோ), வளைவுக்குப் பதிலா போத்தல் மாதிரி ட்ராப் (தண்ணி நிக்கிற பகுதி) எண்டா கீழ் மூடி மட்டும் கழண்டு வரும். போத்தல் கழுவுற ப்ரஷால சவர்க்காரம் போட்டுத் தேயுங்கோ, சிங்க் வாயில இருக்கிற சல்லடைக்குக் கீழ்ப்பக்கமும் தேயுங்கோ, நான் பாத்த வரைக்கும் பாதி அழுக்கு அங்கதான். ரப்பர் வளையத்தை முந்தி இருந்த அதே பக்கமா வைச்சுப் பூட்டுங்கோ. ஆட்டிறைச்சி சமைச்ச சட்டியைக் கழுவ முதல் பழைய பேப்பரால கொழுப்பைத் துடைச்சிட்டுக் கழுவுங்கோ, இதொண்டு செய்தாலே காணும். கொதி தண்ணி ஊத்த வேண்டாம், பிவிசி பைப் 80 பாகை அளவில இளகத் தொடங்கும், கை பொறுக்கிற சூடு போதும்.

கேள்வி (தெஹிவளை, அனெக்ஸ்): அண்ணா எங்கட சிங்க்குக்கு வளைவே இல்லை போல, சாம்பல் கலர் சுருக்குக் குழாய் நேரா நிலத்து ஓட்டைக்குள்ள போகுது. வீட்டுக்காரர் அது அப்பிடித்தான் எண்டுறார்.

பதில்: அப்பிடி இல்லை. கொழும்பில வாடகை வீடுகள்ல நான் அடிக்கடி காணுற பிழை இது. அந்தக் குழாயை வளைச்சு நடுவில ஒரு கிண்ணம் மாதிரி தண்ணி நிக்கிற வளைவு செய்து கேபிள் டையால கட்டி விடுங்கோ, அவசரத்துக்கு அது காணும். பேந்து குழாய் நிலத்துக்குள்ள போற இடத்தைச் சுத்தி இடைவெளி இருக்கும், விரலை வைச்சா காத்து வரும், அதுக்கு ஹார்ட்வேர் கடையில ரப்பர் வளையம் விக்குது, அளவைக் கொண்டுபோய் வாங்கிப் போடுங்கோ. துணியை அடைஞ்சு வைக்காதீங்கோ, துணி ஊறி அதுவே நாறும். வோஷிங் மெஷின் குழாய்க்கும் இதே கதைதான்.

கேள்வி (தெமட்டகொட, 2ம் மாடி): அண்ணே, மேல் ஊட்டுல ஃப்ளஷ் பண்ணினா எங்கட பாத்ரூம் ஓட்டையில களகளன்னு சத்தம் வருது, பொறகு நாத்தம். தண்ணி ஊத்தினா அரை நாள் தான் நிக்குது. என்ன செய்யலாம் செல்லுங்க.

பதில்: தம்பி, அந்தக் களகளச் சத்தம்தான் விடை. மேல இருந்து தண்ணி ஒரேயடியா இறங்கேக்க பைப்புக்குள்ள பின்னால வெற்றிடம் வரும், அதை நிரப்பக் காத்து வேணும். அந்தக் காத்து மொட்டை மாடிக்கு மேல நீட்டி இருக்கிற வென்ட் பைப்பால வரவேணும். அது அடைச்சிருந்தா உங்கட வளைவுத் தண்ணியை உறிஞ்சிக்கொண்டு உங்கட பாத்ரூமுக்குள்ளால காத்தை எடுக்கும். தண்ணி ஊத்தி ஊத்திச் சரிவராதது அதாலதான்.

மேல ஏறிப் பாருங்க. காகம் கூடு கட்டியிருக்கும், இல்லாட்டி ஸ்லாப் திருத்தேக்க யாரோ பைப்பை வெட்டி மூடி போட்டிருப்பாங்க. நான் போன ஒரு மாடியில தண்ணித் தாங்கி வைக்கிறதுக்காக வெட்டி சீமெந்தால பூசியே விட்டிருந்தாங்க, கீழ மூண்டு வீடு ஒரு வருஷம் நாறிச்சு. மூடியைக் கழட்டி நுளம்பு வலை மட்டும் கட்டுங்க. இது தனி வீட்டுச் செலவு இல்லை, மாடிக் கமிட்டியில வைச்சுக் கதைக்க வேண்டியது, நீங்க உங்கட பாத்ரூமை உடைச்சுச் செலவழிக்காதீங்க.

கேள்வி (வத்தளை): ஐயா, மழை பெய்தா மட்டும் கக்கூஸ் குழிப் பக்கத்தால கூழ்முட்டை மணம் அடிக்குது, கொமட்டும் மெதுவாத்தான் போகுது. மூடியைத் திறந்து பையனை இறக்கிப் பாக்கச் சொல்லலாமோ?

பதில்: இறக்க வேண்டாம். தயவுசெய்து ஒருத்தரையும் இறக்க வேண்டாம், இதை முதல்ல சொல்லிப்போட்டுத்தான் மற்றதைச் சொல்லுவன். அந்தக் கூழ்முட்டை மணம் ஐதரசன் சல்பைட்டு. காத்தில 10 லட்சத்தில ஒரு பங்குக்குக் குறைவா இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆனா 100 பங்கு அளவுக்குப் போனா மூக்கு மரத்துப் போகும், மணம் நிண்டிட்டுது எண்டு நினைப்பியள். 500 தாண்டினா நிமிசக் கணக்கில ஆள் விழுந்திடும். காத்தைவிடப் பாரம் எண்டபடியா குழியின்ட அடியில தங்கி நிக்கும். ஒருத்தர் விழ, தூக்க இறங்கினவரும் விழுறதுதான் இந்த விபத்துகள்ல நடக்கிறது, ஒரே வீட்டில ரெண்டு பேர். மூடியைத் திறந்தாலும் குனிஞ்சு பாக்காதீங்கோ, சிகரெட் நெருப்பு ஒண்டும் கிட்ட வேண்டாம், உள்ள மீதேனும் இருக்கும்.

இப்ப காரணம். கொழும்பு மாநகர எல்லைக்குள்ள அநேகமான இடங்கள்ல கழிவு பெரிய லைனோட சேந்து வெள்ளவத்தையிலயும் முகத்துவாரத்திலயும் கடலுக்குள்ள போற நீளப் பைப்பால வெளியேறும். வத்தளை அந்த எல்லைக்கு வெளியில, உங்களுக்கு உங்கட குழிதான். மே, ஜூன் மழையிலயும் ஐப்பசி மழையிலயும் நிலத்துத் தண்ணி மேல ஏறும், ஊறுற குழி ஊறாது, தண்ணி திரும்பி நிக்கும், வாயு மேல தள்ளும். கலி பவுசரை (குழிக் கழிவை உறிஞ்சி எடுக்கிற லொறி) கூப்பிட்டு எடுப்பியுங்கோ, மூண்டு தொடக்கம் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எடுக்க வேண்டிய விசயம் அது. ஆனா கொட்டுற மழைக்குள்ள முழுசா வெறுமையாக்க வேண்டாம், ஃபைபர் தாங்கி எண்டா நிலத்துத் தண்ணி அதை மேல தூக்கிடும். கூரைத் தண்ணி குழிப் பக்கம் ஓடுதோ எண்டும் பாருங்கோ, அதைக் கானுக்குத் திருப்பினாலே பாதி சுகம். ப்ளீச் ஊத்தாதீங்கோ, குழிக்குள்ள கழிவைக் கரைக்கிற கிருமி செத்திடும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): அண்ணா, நாத்தம் போக அசிட் ஊத்திட்டு மேல ப்ளீச்சும் ஊத்தினன், புகை மாதிரி வந்து இருமல், கண் எரிவு. இப்ப பரவாயில்லை. இனி எந்த அளவில கலக்கிறது?

பதில்: எந்த அளவிலயும் கலக்கிறேல்லை தங்கச்சி! உங்களுக்கு வந்தது க்ளோரின் வாயு, 1915ல பெல்ஜியம் யுத்தகளத்தில ஆக்களைக் கொல்லப் பாவிச்ச அதே வாயு. இருமல் திரும்ப வந்தா, மூச்சு இழுத்தா, இரவெண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, நெஞ்சுப் பாதிப்பு சில மணித்தியாலம் பிந்தித்தான் தெரியும். அமோனியா இருக்கிற கிளீனரோடயும் ப்ளீச் சேரக் கூடாது. கோஸ்டிக் சோடா பாவிக்கிறவையும் கவனம், சோடாவைத் தண்ணிக்குள்ள போட வேணும், சோடாக் குவியலுக்கு மேல தண்ணி ஊத்தினா சீறி முகத்துக்கு வரும், அலுமினியப் பாத்திரத்தில கரைக்கவே கூடாது. உண்மையைச் சொன்னா மணத்துக்கு இதொண்டும் தேவையே இல்லை.

கேள்வி (கிருலப்பனை): பாத்ரூம்ல குட்டிச் சாம்பல் ஈ, தும்பு தும்பா இறக்கை. அதுக்கும் மணத்துக்கும் தொடர்பு இருக்கா?

பதில்: இருக்கு, அந்த வழுவழுப்பிலதான் அது முட்டை இடுறது. இரவில ஓட்டைக்கு மேல செலோடேப்பை ஒட்டும் பக்கம் கீழ இருக்க ஒட்டி விடுங்கோ, காத்துப் போக ஒரு ஓரம் விடுங்கோ. காலையில ஈ ஒட்டியிருந்தா அந்த ஓட்டைதான், ப்ரஷ் போடுங்கோ.

கேள்வி (கொழும்பு 13): டைல்ஸ் புதுசாப் போட்ட பிறகு கொமட் அடியில மட்டும் மணம். தண்ணி ஒழுகல.

பதில்: உக்காந்து கொஞ்சம் ஆடிப் பாருங்கோ, கொமட் அசைஞ்சா அடியில இருக்கிற சீல் விட்டிட்டுது. டைல்ஸ் போட நிலம் உயர்ந்திருக்கும், பழைய பைப் வாய் கீழ நிண்டிருக்கும், நடுவில இடைவெளி. சுத்தவர வெள்ளைச் சீமெந்து பூசினா மணம் ஒளிக்கும், கழிவுத்தண்ணி டைல்ஸுக்குக் கீழ போய்க்கொண்டே இருக்கும். கழட்டி நீட்டுப் பைப்பும் புது ரப்பர் சீலும் போடச் சொல்லுங்கோ. சந்தேகம் எண்டா ஃப்ளஷ் தாங்கிக்குள்ள கேசரி கலர் கொஞ்சம் கரைச்சு, கொமட்டைச் சுத்தி டிஷ்யூ வைச்சு அஞ்சு தரம் ஃப்ளஷ் பண்ணுங்கோ, டிஷ்யூவில கலர் பட்டா படம் எடுத்து டைல்ஸ் போட்ட பாஸுக்குக் காட்டுங்கோ, பேந்து அவர் மறுக்க ஏலாது.