கார்த்திகேயனின் புள்ளி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஓசூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழ்ச் சொல் விளையாட்டுச் செயலி ஒன்றை நண்பர்கள் மூவர் சேர்ந்து ஓய்வு நேரத்தில் எழுதிவருகிறோம். முதல் நாளே முட்டிக்கொண்டோம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் நிரல்மொழி 5 என்கிறது. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முன்னால் வந்து நிற்கிறது. மகரத்தின் கொக்கி ழகரத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. அகரவரிசையில் அடுக்கினால் 'மனம்' முன்னால், 'மரம்' பின்னால்.

தேடிப் படித்தபோதுதான் இது பழைய சண்டை என்று தெரிந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் கொரிய அசைகளுக்கு 11,172 இடங்கள். நமக்கு 128 இடம் கொண்ட ஒரு கட்டம். அதிலும் நிரம்பியிருப்பது 72. எழுத்து 247, இடம் 72 என்றால் எங்கே போய்ச் சொல்வது? தமிழக அரசு 2010-ல் ஏற்ற டேஸ்-16 குறியாக்கத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் இருக்கிறது. நினைவகம் மிச்சமாகிறது, வேகமும் கூடுகிறது. எங்கள் செயலி முழுவதையும் அதிலேயே கட்டிவிடலாம் என்பது என் கட்சி. நண்பர்களில் ஒருவர், தமிழ் எழுத்துமுறையே சிக்கலானது, யூனிகோடைத் திட்டிப் பயனில்லை என்கிறார். இன்னொருவர் எதையாவது முடிவு செய்யுங்கள், பசிக்கிறது என்கிறார்.

நீங்கள் அந்தக் காலத்திலிருந்து பார்த்தவர். யூனிகோடு தமிழுக்குச் செய்தது துரோகம்தானே?

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

பசிக்கிறது என்று சொன்ன நண்பரை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். மென்பொருளை முடித்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

போன மாதம் உறவினர் வீட்டுப் பையன் ஒருவன் தன் உறுப்பினர் அட்டையைக் காட்டினான். பெயர் கார்த்திகேயன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் 'கார்த்திகேயன' என்று அச்சாகியிருந்தது. அவன் சிரித்தான், எனக்கு விரல் விட்டு எண்ணத் தோன்றியது. கா, ர், த், தி, கே, ய, ன்: ஏழு எழுத்து. யூனிகோடுக் கணக்கில் 13 குறியெண்கள்: 'கா' என்றால் 'க'வுக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண், புள்ளிக்கும் தனி எண். பெயருக்கு 12 இடம் தாராளம் என்று எவரோ தரவுத்தளத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். பதின்மூன்றாவதாக வரிசையில் நின்ற புள்ளியைக் கத்தரித்துவிட்டார்கள். அந்தப் புள்ளியைத் தின்றது யூனிகோடா, 12 என்று எழுதிய கையா?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது என்பதால். யூனிகோடின் தமிழ்க் கட்டம் 1991-ல் முதல் பதிப்பிலேயே வந்துவிட்டது. இந்திய மொழி எழுத்துகளுக்கு எண் கொடுத்த, இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை அப்படியே அடியொற்றி அமைந்தது அது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்பு. வார்ப்பின் அச்சு தேவநாகரி. கட்டத்தைத் திறந்து பாருங்கள்: 'க' இருக்கிறது, பிறகு மூன்று இடங்கள் காலி, பிறகு 'ங'. இந்தியில் க-வுக்குப் பின்னால் வரும் மூன்று ஒலிகளுக்கான இடங்கள் அவை. வரவே போகாத விருந்தாளிகளுக்குப் பந்தியில் இலை போட்டு வைத்தது போல, இத்தனை ஆண்டுகளாக வெற்றிலைகள். 'ன' எங்கே உட்கார்ந்திருக்கிறது? 'ந'வுக்குப் பக்கத்தில். அதனால்தான் உங்கள் 'மனம்' மரத்தை முந்திக்கொண்டு ஓடியது. வரிசை முழுக்க இப்படித்தான். 'ஜ' வந்து 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் நிற்கிறது. நம் ஆட்கள் மின்னஞ்சலில் கூடிக் குறியாக்கம் பற்றி வாதாடத் தொடங்கிய காலத்தில் இந்தக் கட்டம் முத்திரை குத்தி மூடியாகிவிட்டது. கேட்காமல் செய்தார்கள் என்ற வருத்தம் உண்மையான வருத்தம்.

ஆனால் துரோகம் என்பது பெரிய சொல். அதற்கு முன்னால் எப்படி இருந்தோம் என்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. 1999-ல் நான் எழுதிய கட்டுரைகள் ஓர் எழுத்துருவில் இருந்தன. எழுத்துரு என்றால் வெறும் உருவம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் கட்டுரையே இல்லை, ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்தான் இருக்கும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு. டிஸ்கி என்ற குறியாக்கம் ஒரு கூட்டம். 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் பிறந்த டாப், டாம் இன்னொரு கூட்டம். அதே மாநாட்டில் பிறந்த தமிழ்99 விசைப்பலகையில்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன், அது தனிக் கதை. என் கட்டுரைகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. எழுத்துருவைச் செய்தவர்கள் கடையை மூடினார்கள். மாற்றி எழுத நிரல் தருவாரில்லை. விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவில் யூனிகோடுத் தமிழ் தெரிந்த அன்று நான் கட்சி மாறினேன். இலைகள் காலியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், சாப்பாடு வந்துவிட்டது.

தொல்காப்பியத்தையும் இந்தச் சண்டையில் இழுப்பார்கள். நீங்களும் சீக்கிரம் இழுப்பீர்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். மெய்தான் அடிப்படை, அதில் உயிர் ஏறி உயிர்மெய் ஆகிறது. யூனிகோடோ உயிர்மெய்யான 'க'வை அடிப்படையாக வைத்துப் புள்ளியால் அதைக் கொல்கிறது. இது தமிழ் இலக்கணத்துக்கு நேர் எதிர் என்பது வாதம். ஒலிக்கணக்கில் முழுக்கச் சரி. ஆனால் மெய் புள்ளியோடு நிற்கும் என்று சொன்ன அதே தொல்காப்பியர்தான், புள்ளி இல்லாத மெய் உருவம் மாறாமல் அகரத்தோடு ஒலிக்கும் என்றும் சொல்கிறார். அதாவது எழுதும் கைக்கு வெற்று உருவம் 'க'. புள்ளி மேலே வைப்பது. டேஸ்-16 காதைப் பின்பற்றுகிறது, யூனிகோடு கையைப் பின்பற்றுகிறது. இரண்டும் தமிழ்தான்.

கொரியாவுக்கு வருவோம். 11,172 என்பது சலுகை அல்ல, பெருக்கல் கணக்கு: 19 முதல் ஒலிகள், 21 உயிர்கள், 28 இறுதிகள். முன்பு அவர்களுக்கும் 6,656 இடங்கள்தான் இருந்தன. 1996-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பழைய இடத்தைக் காலி செய்துவிட்டு மொத்தமாக வேறிடத்துக்கு மாற்றினார்கள். அப்போது பட்ட பாட்டில்தான், இனி எந்த எழுத்தையும் இடம் மாற்றுவதில்லை, நீக்குவதில்லை என்று யூனிகோடு கையடித்துக் கொடுத்தது. நாம் உரக்கக் கேட்கத் தொடங்கியபோது கதவு சாத்தியாகிவிட்டது. கசப்பான விஷயம்தான். (முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்னக் குறிகளுக்கு 2019-ல் தனிக் கட்டமே கிடைத்தது. 'கி'க்கு இல்லாத நாற்காலி முந்திரிக்கு! இதை நினைத்து நான் தனியாகச் சிரித்ததுண்டு.)

அத்தனை இடம் வாங்கிய கொரியர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா? அசைகளுக்கும் இடம் உண்டு, அவற்றை உருவாக்கும் தனி எழுத்துகளுக்கும் இடம் உண்டு. விளைவாக, ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதலாம். மேக் கணினியில் கொரிய மொழியில் பெயரிட்ட கோப்பை விண்டோஸுக்கு அனுப்பினால், பெயர் உடைந்து துண்டு துண்டாக நிற்கும் தொல்லை அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்தது. இன்றைக்கு நமக்கு 247 இடங்களைத் தூக்கிக் கொடுத்தாலும் கோடிக்கணக்கான பழைய பக்கங்கள் பழைய முறையிலேயே இருக்கும். உங்கள் தேடல் இரண்டையும் தேட வேண்டும்.

டேஸ்-16 எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தீர்களா? யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அது புறம்போக்கு நிலம். யார் வேண்டுமானாலும் குடிசை போடலாம், யாருக்கும் பட்டா கிடையாது. செயலிகளில் வரும் தபால் உறை, குப்பைத்தொட்டி, பற்சக்கரம் போன்ற சின்னங்களுக்கான எழுத்துருக்களும் அங்கேதான் குடிசை போட்டிருக்கின்றன. உங்கள் செயலியில் ஒரு பிள்ளை எழுதிய வாக்கியத்தைத் தன் பாட்டிக்கு அனுப்பினால், பாட்டியின் கைப்பேசியில் கட்டங்கள் தெரியலாம், சின்னங்களும் தெரியலாம். 1999-க்கே திரும்பிப் போவது இது. என் பாதிக் கட்டுரைகளைத் தின்ற பூதத்துக்கு உங்கள் பிள்ளைகளின் வாக்கியங்களையும் கொடுக்காதீர்கள்.

நினைவக மிச்சம் பற்றி: கணக்கு சரி. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' 15 பைட், டேஸ்-16 என்றால் 9. நாற்பது சதவீதம் மிச்சம். எதில் மிச்சம்? ஒரு லட்சம் சொற்கள் கொண்ட தமிழ் நாவல் யூனிகோடில் தோராயமாக இரண்டரை மெகாபைட் வரும். உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரு படம், நீங்கள் மதியம் சாப்பிட்ட பிரியாணியின் படம், அதற்குக் குறையாது. என் முதல் கணினியில் இருந்தது 32 மெகாபைட் ராம். அன்று இந்த வாதத்துக்கு நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

இனி, தமிழே சிக்கல் என்ற நண்பர். அவரை அப்பா, அம்மா, மகள் சேர்ந்து நிற்கும் குடும்ப எமோஜியை எடுத்து அதே பைத்தானில் நீளம் கேட்கச் சொல்லுங்கள். திரையில் தெரிவது ஒரு படம். கணக்கில் மூன்று முகங்கள், நடுவில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இணைப்பான்கள், மொத்தம் 5. 'தமிழ்' என்ற சொல்லுக்கும் அதே 5. பிரெஞ்சுக்காரர்களின் தலைக்குறி போட்ட 'é' எழுத்தையும் ஒரு குறியெண்ணாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். ஒரு குறியெண் ஓர் எழுத்து என்ற கணக்கு ஆங்கிலம் போன்ற சில மொழிகளுக்கு மட்டும், அதுவும் தற்செயலாகப் பொருந்தியது. அந்தத் தற்செயலை இயற்கை விதி என்று நினைத்து நிரல்மொழிகளையும் நிரல் நூலகங்களையும் கட்டியவர்கள், எமோஜி வந்து தங்கள் பெட்டிகளையும் உடைத்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். நாம் பத்திருபது ஆண்டுகள் கத்தியது காதில் விழவில்லை. ஒரு மஞ்சள் முகம் சிரித்ததும் விழுந்துவிட்டது.

2014-ல் வந்த ஸ்விஃப்ட் நிரல்மொழி 'தமிழ்' என்றால் 3 என்று சொல்லும், அதே யூனிகோடை வைத்துக்கொண்டு. அட்டவணை மாறவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. பைத்தானிலும் ஓப்பன்-தமிழ் நூலகத்தைப் போட்டால் எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் முழுதாக நம்பிவிடாதீர்கள். 'லக்ஷ்மி'யை ஸ்விஃப்ட் நான்கு என்று எண்ணும், 'க்ஷ்' அதற்கு இரண்டு எழுத்து. உங்கள் விளையாட்டில் அது ஒன்றா இரண்டா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மூவருக்குள் இன்னொரு சண்டைக்கு ஏற்பாடு.

என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். சேமிப்பதும் அனுப்புவதும் யூனிகோடில் இருக்கட்டும். 'கொ' என்பதை ஒரே துணைக்குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். உள்ளே வரும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி ஒன்றாக்கிவிடுங்கள். (பணம் கட்டும் என்எஃப்சி வேறு.) செயலியின் வயிற்றுக்குள் உங்கள் இஷ்டம். என் சொந்த நிரல்களில் ஒவ்வோர் எழுத்தையும் மெய் எண், உயிர் எண் என்று ஒரு சோடியாகத்தான் வைத்திருக்கிறேன். 'பால்', 'ஆறு' இரண்டையும் சேர்க்கும்போது ல்-இன் காலியான உயிர் இடத்தில் ஆ-வின் எண் போய் உட்காரும், 'பாலாறு' வந்துவிடும். டேஸ்-16-இன் அழகு முழுவதும் இந்தக் கூட்டலில்தான் இருக்கிறது. அதை வடிவமைத்தவர்கள் தமிழ் அறிந்தவர்கள், சந்தேகமே இல்லை. அந்த அழகை எடுத்துக்கொள்ளுங்கள், புறம்போக்கை விட்டுவிடுங்கள். அகரவரிசைக்கும் இதே சோடி எண்கள் போதும். மரம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

பெயருக்கு இடம் ஒதுக்கும்போது மட்டும் 12 என்று எழுதாதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஔவையாரின் பெயரை எழுதும்போது பாதிப் பேர் முதலெழுத்தை 'ஔ' என்று ஒரே எழுத்தாகத் தட்டுகிறார்கள். மீதிப் பேர் 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டிவிட்டு வித்தியாசம் தெரியாமல் போகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இதை யூனிகோடும் சரிசெய்யாது, டேஸ்-16-உம் சரிசெய்யாது. தட்டும் விரலை எந்த அட்டவணையும் திருத்தாது. உங்கள் செயலியின் தேடல் பெட்டியில் 'ஒளவையார்' என்று தட்டிப் பாருங்கள். என் தளத்தின் தேடலில் இன்றுவரை ஔவையார் அகப்படுவதில்லை. மூன்று ஆண்டுகளாகச் சரிசெய்ய நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பசித்த நண்பருக்கு நேரம் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.