அப்பா தூக்கத்துல மூச்சு நிக்கிறதுக்காக போடுற சிபாப் (காத்தை அழுத்தி உள்ள அனுப்புற மெஷின்) மாஸ்க்கை ராத்திரி 2 மணிக்கே கழட்டிடுறார், கிளினிக்கோட வீடியோ கால் போதுமா?

இப்போதைக்கு போதும், இதுக்காக அப்பாவ பட்டர்வொர்த்துலேர்ந்து கோலாலம்பூர் வரைக்கும் இழுத்துட்டு வர வேணாம், சிபாப் மெஷின்ல சிம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அப்ப எத்தனை மணி நேரம் போட்டாரு, காத்து எவ்ளோ லீக் ஆச்சு எல்லாம் கிளினிக்ல தெரியும், பிரஷரையும் அங்கேருந்தே மாத்தலாம்.

ஆனா ஆப்ல ஏஎச்ஐ (மணிக்கு எத்தனை தடவ மூச்சு நிக்குது, குறையுதுங்கிற கணக்கு) 3, நல்லாத்தானே இருக்குன்னு கேட்டீங்கல்ல, அதை நம்பிடாதீங்க. அது மாஸ்க் போட்டிருந்த நேரத்துக்கு மட்டும் போட்ட கணக்கு. கனவு வர்ற தூக்கம் விடியக்காலைலதான் அதிகம், பல பேருக்கு மூச்சு மோசமா நிக்கிறதும் அப்பதான், அந்த நேரத்துல மாஸ்க் மேசை மேல கிடக்குது.

எனக்கு லீக் மேலதான் சந்தேகம். வாய் திறந்துக்கும், தொண்டை காயும், தூக்கத்துலயே கழட்டி வீசிடுவாங்க (எங்க மாமா காலைல எழுந்து "யாரு கழட்டுனது"ன்னு எங்களையே கேப்பாரு). ரெஸ்மெட் கம்பெனி மெஷின்னா நிமிஷத்துக்கு 24 லிட்டருக்கு மேல லீக் போகுதான்னு கிளினிக்ல கேளுங்க. போகுதுன்னா அடுத்த வீடியோ கால்ல அப்பாவ மாஸ்க்கோட படுக்க வச்சு, மெஷினை ஓடவிட்டு, போனை பக்கவாட்டுல பிடிச்சு காட்டுங்க. உக்காந்து காட்டினா ஒன்னும் தெரியாது லா, படுத்தாத்தான் மாஸ்க் நகரும்.

லீக் இல்லாமயும் கழட்டுறார்னா, இல்ல மூக்கு எப்பவும் அடைச்சே இருக்குன்னா நேர்ல காட்டித்தான் ஆகணும். பகல்ல தூங்கி விழுறார்னா அதுவரைக்கும் கார் ஓட்ட விடாதீங்க.