சர்வீஸ் சார்ஜ் கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: அப்பாவின் பிறந்தநாளுக்கு பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் ஒரு உணவகத்துக்கு ஆறு பேர் போனோம். செருப்பில் மணலோடு நுழையலாம், ஆனால் விலையெல்லாம் நட்சத்திர ஓட்டல் விலை. சாப்பாடு 4,000 ரூபாய், பில் 4,620. அதில் 400 ரூபாய் சர்வீஸ் சார்ஜ். கேட்டால், "மெனுவிலேயே போட்டிருக்கிறோமே மேடம்" என்றார் மேனேஜர். அப்பா முன்னால் வாக்குவாதம் வேண்டாமென்று கட்டிவிட்டேன். திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். உங்கள் விருப்பம் இல்லாமல் அதைப் பில்லில் சேர்த்ததே தவறு.

உங்கள் பில்லை நிதானமாகப் பாருங்கள். 4,000-க்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி 200 ரூபாய்தான். ஆனால் அவர்கள் 400-ஐயும் சேர்த்து 4,400-க்கு வரி போட்டு 220 வாங்கியிருக்கிறார்கள். ஆக, உங்களிடம் கூடுதலாக வாங்கியது 420 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் அரசாங்கத்துக்குப் போகும் வரி இல்லை, கடைக்காரர் கல்லாவில் விழும் பணம். பில்லில் ஜிஎஸ்டியோடு சேர்த்தே அச்சடிப்பதால் அதுவும் வரி என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டது: சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதைச் சேர்த்த தொகைக்கு ஜிஎஸ்டியும் போடக் கூடாது. அதே மாதம் 20-ஆம் தேதி உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதற்கு இடைக்காலத் தடை வாங்கிவிட்டன. அந்த நீதிமன்றமே வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது 2025 மார்ச் 28-ல். இரண்டரை வருடத்துக்கு மேல்! அதுவரை எத்தனை குடும்பங்கள் உங்களைப் போல வாயை மூடிக்கொண்டு கட்டியிருக்கும்? நினைத்தாலே கோபம் வருகிறது.

"அது டெல்லி தீர்ப்பு, சென்னைக்குப் பொருந்தாது" என்று சில மேனேஜர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். வழிகாட்டுதல் நாடு முழுவதற்குமானது. மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் அது உங்கள் சம்மதம் ஆகிவிடாது. "ஸ்டாஃப் நல நிதி" என்று பெயர் மாற்றினாலும் அதே கதைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தால் உடனே ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த உணவகம் ஒரு ஓட்டலுக்குள் இருந்து, அங்கே ஏதாவது ஓர் அறை போன நிதியாண்டில் நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போயிருந்தால், கீழே சாப்பிடும் இட்லிக்கும் 18 சதவீதம்தான். நீங்கள் அறை எடுத்தீர்களா இல்லையா என்பது கணக்கே இல்லை. ஈசிஆர் ரிசார்ட்டுகளில் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். ஆனால் தெருவோரம் தனியாக நிற்கும் உணவகம் "ஏசி இருக்கிறது, அதனால் 18" என்றால் அது பொய். அந்த ஏசி வித்தியாசம் 2017 நவம்பரோடு போயிற்று.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் உணவகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி 420 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள், காசு கிடையாது. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. உங்கள் தொகைக்குக் கட்டணமே இல்லை, வக்கீலும் தேவையில்லை.

இங்கேதான் புரோக்கர்கள் காத்திருப்பார்கள். "ஐம்பதாயிரம் நஷ்டஈடு வாங்கித் தருகிறேன், மூவாயிரம் அட்வான்ஸ் கொடுங்கள்" என்பார்கள். 420 ரூபாய்க்காக மூவாயிரத்தைத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரிடமும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். என்ன நடந்தது என்று ஒரு பக்கம் தமிழில் நீங்களே எழுதினால் போதும்.

பரிமாறிய பையனுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் தாராளமாக அவர் கையிலேயே கொடுங்கள்.

வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் பில் அவ்வளவு நாள் தாங்காது. அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடும். இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.