பாப் ஸ்மியர் சரி, எச்பிவி நெகட்டிவ். ஆனாலும் நீராகப் போகிறதே?

கேள்வி: எனக்கு வயது 27. சிறுவயதில் குடல் பாலிப்களை (சிறு சதை வளர்ச்சிகளை) அகற்றினார்கள். பாலிப்களை உண்டாக்கும் மரபணுக் கோளாறான பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய்க்குறி என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியானது. நாலைந்து மாதமாகத் தண்ணீர் போல வெள்ளைப்படுகிறது. கருப்பை வாய்ச் செல்களைப் பார்க்கும் பாப் ஸ்மியர் நார்மல், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான சோதனை நெகட்டிவ். ஸ்கேனில் இரு சினைப்பைகளிலும் சிறு சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தனவாம். சினைப்பையை எடுக்க வேண்டுமா?

பதில்: சினைப்பையை அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. முதலில் பார்க்க வேண்டியது கருப்பை வாயை.

உங்கள் நோய்க்குறிக்குக் காரணமான எஸ்டிகே11 மரபணுவில் பிழை உள்ள பெண்களுக்கு இரு சினைப்பைகளிலும் சின்னச் சின்னதாக, சுண்ணாம்பு படிந்த 'வளைய நாள' வகைக் கட்டிகள் வருவதுண்டு. இந்த நோய்க்குறியோடு வருபவை அநேகமாகத் தீங்கற்றவை. சில கட்டிகள் ஈஸ்ட்ரோஜன் சுரந்து மாதவிடாயைக் குழப்பும். அதனால் கருப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறதா என்றும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி வளர்ந்தாலோ, மாதவிடாய் தாறுமாறானாலோ அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். பல அறைகள் கொண்ட பெரிய நீர்க்கட்டி தெரிந்தால் கதை வேறு, அது வேறு வகைக் கட்டியாக இருக்கலாம்.

கருப்பை வாய் விஷயத்தில் மெத்தனம் கூடாது. உங்கள் நோய்க்குறியோடு தொடர்புள்ள கருப்பை வாய்ப் புற்றுநோய், இரைப்பைச் சளிச்சவ்வை ஒத்த சுரப்பி வகை. எச்பிவி வைரஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆகவே அந்தச் சோதனை நெகட்டிவ் என்பது இதைப் பொறுத்தவரை எதையும் சொல்வதில்லை. தடுப்பூசியும் இதைத் தடுக்காது. (மற்ற வகைகளுக்காகத் தடுப்பூசி தேவைதான்.) கட்டி பெரும்பாலும் கருப்பை வாயின் உட்குழாயின் மேற்பகுதியில் சுவருக்குள் ஆழமாக வளரும். செல்களும் ஏறக்குறைய இயல்பானவை போலவே இருக்கும். பாப் ஸ்மியர் கோட்டைவிடுவது இதனால்தான். நீர்போன்ற, சளிபோன்ற ஏராளமான கசிவு இதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். சாதாரணத் தொற்றிலும் கசிவு வரும், அதையும் சோதிக்கட்டும். ஆனால் மாத்திரையில் நிற்காவிட்டால் அதோடு விடக்கூடாது.

அடுத்து, சாயம் செலுத்தி இடுப்புப் பகுதி எம்ஆர்ஐ. இதை பயாப்ஸிக்கு (திசுவை எடுத்துச் சோதிப்பதற்கு) முன்பே எடுப்பது நல்லது. பின்னால் எடுத்தால் ரத்தக்கசிவும் வீக்கமும் படத்தைக் குழப்பும். குழாயின் மேற்பகுதியில் நீர்ப்பைகள் கொத்தாக, நடுவே திடப்பகுதியோடு தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். மேலாகக் கிள்ளி எடுக்கும் துணுக்கு போதாது. உட்குழாயைச் சுரண்டி எடுப்பதோடு ஆழமான திசுவும் வேண்டும், தேவைப்பட்டால் கூம்பு வடிவ பயாப்ஸி. கூம்பு பெரிதானால் பின்னாளில் குறைப்பிரசவ வாய்ப்பு கூடும் என்பதால், குழந்தை வேண்டும் என்றால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பயாப்ஸி விண்ணப்பத்தில் 'பியூட்ஸ்-ஜெகர்ஸ், எஸ்டிகே11' என்று எழுதச் சொல்லி, எழுதியிருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். அது தெரியாத பெத்தாலஜிஸ்ட் (திசுவைச் சோதிக்கும் மருத்துவர்) இந்தச் சுரப்பிகளை இயல்பானவை என்று கடந்துவிடக்கூடும். எச்பிவி சார்ந்த புற்றுநோயைக் காட்டும் பி16 சாயச் சோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் இந்த வகை இல்லை என்றாகாது.

எல்லாம் சுத்தமாக வந்தால் ஆண்டுக்கொரு முறை இடுப்புப் பரிசோதனை போதும். கசிவு மறுபடி கூடினாலோ, உடலுறவுக்குப் பின் ரத்தம் கண்டாலோ அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்காமல் போங்கள். மார்பகப் புற்றுநோய் ஆபத்தும் உங்களுக்கு அதிகம். மார்பக எம்ஆர்ஐயை எந்த வயதில் தொடங்குவது என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.