பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போன ஐரிஷ் தாய்மார்களை நம்பிக்கையும் குடும்பமும்தான் காப்பாற்றியதா?

பொதுவாகப் பதில் சொன்னால் பிரசங்கம் மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு பெண்ணை எடுத்துக்கொள்கிறேன்: பிரிட்ஜெட் மர்ஃபி. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் கொள்ளுப் பாட்டி.

1963 ஜூன் மாதம் கென்னடி அயர்லாந்தின் நியூ ராஸ் துறைமுகத்துக்குப் போனார். என் கொள்ளுத் தாத்தா இங்கிருந்து கிளம்பியபோது ஆழ்ந்த மத நம்பிக்கை, சுதந்திர வேட்கை என்ற இரண்டைத் தவிர எதையும் எடுத்துப் போகவில்லை என்று அங்கே பேசினார். நல்ல பேச்சுதான். ஆனால் அந்தத் தாத்தா அமெரிக்காவில் சுமார் பத்து வருஷம்தான் வாழ்ந்தார். குடும்பத்தைக் கரையேற்றியது பாட்டி. அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

பிரிட்ஜெட்டின் சொந்த ஊர் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதி. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. அடுத்த ஏழு வருஷத்துக்குள் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்து பெரும்பாலும் ஆண்கள்தான் முதலில் போவார்கள். அயர்லாந்திலிருந்து கல்யாணமாகாத பெண்களும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் போனார்கள். பிரிட்ஜெட் அவர்களில் ஒருவர்.

1849 செப்டம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கிழக்கு பாஸ்டனின் ஹோலி ரிடீமர் கத்தோலிக்கக் கோயிலில் அவருக்கும் பாட்ரிக் கென்னடிக்கும் கல்யாணம். பாட்ரிக்கும் வெக்ஸ்ஃபோர்டுக்காரர்தான், பீப்பாய் செய்கிற தொழிலாளி. மேரி, ஜோவன்னா, ஜான், மார்கரெட் என்று வரிசையாகக் குழந்தைகள். இதில் ஜான் கைக்குழந்தையாகவே 1855-இல் இறந்துபோனான். 1858 ஜனவரியில் கடைசிப் பையன் பாட்ரிக் ஜோசப் பிறந்தான். அதே வருஷம் நவம்பர் 22-ஆம் தேதி கணவர் நோயில் போய்ச் சேர்ந்தார். பையனுக்கு அப்போது பத்து மாதம். (105 வருஷம் கழித்து அதே தேதியில்தான் அதிபர் கென்னடி சுடப்பட்டார். பத்திரிகைகளுக்கு இது அல்வா. எனக்கு வெறும் தற்செயல்.)

நாலு பிள்ளைகளோடு ஒரு விதவை. ஊரும் அனுசரணையான ஊர் இல்லை. 1854 தேர்தலில் ‘நோ நத்திங்’ என்று பேர் வாங்கிய கட்சி, வந்தேறிகளையும் கத்தோலிக்கர்களையும் திட்டியே, பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநர் பதவியையும் சட்டமன்றத்தையும் கிட்டத்தட்ட மொத்தமாக அள்ளியது. அடுத்த வருஷம் கன்னியர் மடங்களைச் சோதனை போட ஒரு கமிட்டியே அமைத்தார்கள்! ‘ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்’ என்று வேலை விளம்பரம் வந்த காலம் அது. வீட்டு வேலைக்கு வரும் ஐரிஷ் பெண் யாராயிருந்தாலும் எஜமானிகள் ‘பிரிட்ஜெட்’ என்றே கூப்பிட்டார்கள். இவருக்கு நிஜப் பெயரே அதுதான்.

நம்பிக்கை என்று சொன்னால் நாம் முழங்காலில் நின்று செபமாலை சொல்லும் காட்சியை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். அது இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்து பாஸ்டன் ஐரிஷ்காரர்களுக்குப் பங்குக் கோயில், அதாவது அவரவர் வட்டாரத்துக் கத்தோலிக்கத் தேவாலயம், அதைவிடப் பெரிய விஷயம். எங்கே வேலை காலி, எந்த வீட்டில் வாடகை மலிவு, ஊரிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், பள்ளிக்கூடம், செத்தால் அடக்கம், எல்லாம் அதைச் சுற்றித்தான். நகரம் கதவைச் சாத்திய இடத்தில் பங்கு கதவைத் திறந்து வைத்தது. பிரிட்ஜெட்டின் மனசுக்குள் என்ன ஓடியது என்று நான் கதை கட்டப் போவதில்லை. அந்த வட்டத்தைவிட்டு அவர் விலகவில்லை, பிள்ளைகளையும் விலக விடவில்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

அப்புறம் குடும்பம். பிரிட்ஜெட் வீட்டு வேலை உட்படக் கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். அம்மா வேலைக்குப் போன நேரத்தில் தம்பியைப் பார்த்துக்கொண்டது அக்காள்கள் மூன்று பேரும்தான். பெரியவளுக்கே அப்போது ஏழு வயதுதான். குடும்பம் தாங்கியது என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்தச் சுமை யார் தோளில் ஏறியது என்பதையும் சொல்ல வேண்டும் இல்லையா? இந்தச் சிறுமிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கிழக்கு பாஸ்டனில் துறைமுகத்தை ஒட்டிய பார்டர் தெருவில் ஒரு சின்னக் கடையை வாங்கினார். ஊசி, நூல் போன்ற சில்லறைச் சாமான்களும் எழுதுபொருள்களும் விற்கிற கடை. நாளடைவில் மளிகையும் சேர்ந்தது. நம்மூர்க் கணக்கில் பெட்டிக்கடைக்குக் கொஞ்சம் மேலே. என்னைக் கேட்டால் கென்னடி குடும்பத்தின் முதல் சொத்து இந்தக் கடைதான்.

மகன் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தான். பதினாலு வயதில் படிப்பை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனான். சம்பளத்தை மிச்சம் பிடித்தது போக, குடும்பமும் கைகொடுக்க, ஒரு மதுக்கடை வாங்கினான். அங்கே குடிக்க வந்தவர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டே அரசியலுக்கு வந்து, 1880-களின் நடுவில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஆனான். ‘நோ நத்திங்’ ஆட்கள் நிறைந்திருந்த அதே சட்டமன்றம்.

1888 செப்டம்பரில் அவனுக்கு முதல் பிள்ளை ஜோசப் பிறந்தான். பிற்காலத்தில் அதிபருக்கு அப்பா. பேரன் பிறந்து மூன்று மாதம் கழித்து, டிசம்பரில் பிரிட்ஜெட் இறந்தார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆமாம், ஆனால் அந்த இரண்டோடு கடையின் கல்லாப்பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போதாவது அயர்லாந்து போனால், நியூ ராஸில் பஞ்சகாலக் கப்பல் ஒன்றை மாதிரியாகக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள், பெயர் டன்பிராடி. உள்ளே ஏறிப் பார்க்கலாம். பிரிட்ஜெட்டின் கணவர் பாட்ரிக் பிறந்த டங்கன்ஸ்டவுன் பண்ணையும் பக்கத்திலேயேதான், அதையும் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள்.